ஜெபக்குமார் மடித்து வைத்த கொடி

ஜெபக்குமார் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு சாவு வீட்டில். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் ஆபிரகாம் இறந்து கிடந்தார். புதுப்பட்டினத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஓடைமேடு காலனியில் கட்சிக்கு முதலில் கம்பம் நட்டவர் அவர். மறியலுக்குப் போய்ச் செங்கல்பட்டு ஜெயிலில் கிடந்துவிட்டு வந்தவர். குளிப்பாட்டியாயிற்று, பெட்டி வந்தாயிற்று, ஜெபமும் முடிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் பெட்டியை யாரும் தூக்கவில்லை.

"இன்னாத்துக்குடா நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஜெபக்குமாரு வரணும்க்கா," என்றார்கள்.

பெயரைக் கேட்டதும் இன்னொரு ஊழியக்காரர்தான் வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏற்கெனவே ஒரு பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். இவர் போதாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காலனியிலிருந்து சைக்கிளில் ஒரு ஒல்லிப் பையன் வந்து இறங்கினான். கையில் மஞ்சள் பை. பைக்குள் இஸ்திரி போட்டு மடித்த கட்சிக் கொடி.

பாஸ்டர் முகம் மாறிவிட்டது. "பெட்டி மேல சிலுவைத் துணி கீது. அதும் மேல கட்சிக் கொடியா?" என்றார்.

அந்தப் பையன் பதறவில்லை. "மேல வேணாம் பாஸ்டரே. இடுப்புக்குக் கீழ போட்டுக்கறேன். மேல ஆண்டவரு இருக்கட்டும், கால்மாட்டுல கட்சி இருக்கட்டும். நடந்து நடந்து தேஞ்ச காலுதானே," என்றான்.

சாவு வீடென்றும் பாராமல் சிரித்துவிட்டார்கள். பாஸ்டரும் சிரித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஹெலன், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, இது யாரு வூட்டுப் புள்ள?" என்று என் காதில் கேட்டாள். அவளுக்குக் கல்யாண வயதில் மகள் ரெஜினா இருந்தாள். மறு வருஷமே அந்தப் பையன் ரெஜினாவுக்கு மாப்பிள்ளையாகி எங்கள் காலனிக்கே குடிவந்தான். அதற்குப் பிறகு எனக்கு அவன் இல்லை, அவர்.

கொடி போர்த்துவதென்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பத்தில் ஏற்றுகிற கொடி வேறு, சாவுக்குப் போர்த்துகிற கொடி வேறு. இது இரட்டை வேட்டி அகலத்துக்கு, தையல்காரரிடம் சொல்லித் தைத்தது. கட்சிக்காரர் யார் இறந்தாலும் இது போகும். எடுக்கிற வரைக்கும் உடம்பின் மேல் கிடக்கும். சுடுகாட்டிலோ கல்லறையிலோ கடைசி நேரத்தில் அதை எடுத்துவிட வேண்டும். எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. எடுத்த கொடியைத் துவைத்துக் காயவைத்து, அடுத்த சாவுக்கு மடித்து வைக்க வேண்டும். இதற்கென்று ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் ஜெபக்குமார்.

அவரிடம் கொடியைக் கொடுத்தவர் உலகநாதன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெருக்காரர், நிலபுலம் உள்ள குடும்பம். ஜெபக்குமாரின் அப்பா அவர்கள் கழனியில் உழுதவர்தான். உலகநாதன் எங்கள் ஒன்றியத்துக்குக் கட்சிச் செயலாளராக இருந்த காலத்தில், ஒரு ரேஷன் அட்டை வேண்டுமென்றாலும், ஒரு சாதிச் சான்று வேண்டுமென்றாலும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். கழனி விற்று மனை போட்டவர், மண் லாரி ஓட்டியவர், கை நீளம், வாயும் நீளம். ஆனால் வாசலில் நின்றவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஜெபக்குமாருக்கு எங்கள் காலனி கிளைச் செயலாளர் பதவியைக் கொடுத்ததும் அவர்தான். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போட்டு வால்வு திறந்துவிடுகிற வேலையை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான்.

கொடி போர்த்துவதில் ஒரு வழக்கம் இருந்தது. காலனியில் சாவென்றால் ஜெபக்குமாரே போர்த்துவார். ஊர்த்தெருவில் சாவென்றால் கொடியோடு கேட் வரைக்கும் போவார். அங்கே ஒன்றியமோ மாவட்டமோ யாராவது ஒரு தலைவர் வந்து கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் போர்த்துவார். அதைப் போட்டோ எடுப்பார்கள். ஜெபக்குமார் வெளியிலேயே நிற்பார். சுடுகாட்டில் கடைசியில் ஒரு ஆள் கொடியைச் சுருட்டிக் கொண்டுவந்து அவர் கையில் போடுவான். இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ரெஜினாவுக்கு அந்தக் கொடியைக் கண்டாலே ஆகாது. வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டாள். "ஊர்ல இருக்கற பொணமெல்லாம் எங்கூட்டுக் கொடியில காயுது," என்பாள்.

"பொணத்துக்குத்தாண்டி கோஷ்டி இல்ல. உசுரோட இருக்கறவனுங்களுக்கு வேல செய்யறதுதான் பேஜாரு," என்பார் அவர்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவருக்குத்தான் இப்படி ஆயிற்று.

கட்சியில் மாவட்டச் செயலாளர் மாறினார். மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றே சொல்வோம்; புது மாவட்டம் வந்ததும் ஆள் மாற்றம். உலகநாதனின் கீழே டிரைவராகவும் கணக்குப்பிள்ளையாகவும் இருந்து மேலே வந்த பார்த்திபன் புது மாவட்டத்துக்கு வேண்டியவராகிவிட்டார். உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒன்றியக் கவுன்சிலர் சீட்டைத் தன் ஆளுக்குக் கேட்டார் உலகநாதன். சீட்டு பார்த்திபன் சம்சாரம் ரேணுகாவுக்குப் போனது. உலகநாதன் விடவில்லை. சுயேச்சையாக ஒரு ஆளை நிறுத்தினார். ஓட்டுப் பிரிந்து ரேணுகா தோற்றாள்.

அதற்கப்புறம் கல்யாண மண்டபத்தில் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு ஜெபக்குமார் போயிருந்தார். உலகநாதன் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்ததும் மைக்கை நிறுத்திவிட்டார்களாம். அவர் மைக் இல்லாமலே கத்தினார். பின் வரிசையிலிருந்து ஒரு நாற்காலி பறந்தது. அப்புறம் எல்லா நாற்காலியும் பறந்தன. ஜெபக்குமார் நெற்றியில் தையலோடு வீட்டுக்கு வந்தார்.

"நீ எந்தப் பக்கம்யா இருந்த?" என்று ரெஜினா கேட்டாள்.

"நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள வந்து வுழுந்துடுச்சி," என்றார்.

அந்த வாரமே உலகநாதனைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். கட்சிக்காரர்கள் யாரும் அவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிக்கை. பார்த்திபன் ஒன்றியச் செயலாளரானார். உலகநாதனின் வாசலில் வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் பார்த்திபன் வாசலுக்குப் போய்விட்டன. உலகநாதனுக்கு ஏற்கெனவே சர்க்கரை. காலில் புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். பார்க்கப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

ஜெபக்குமாரைப் பார்த்திபன் நீக்கவில்லை. கிளைச் செயலாளராகவே வைத்துக்கொண்டார். காலனி ஓட்டு வேண்டுமே. கொடியும் அவரிடமே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் கவியா கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் ஆல்வின் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கம்பெனி வேன் ஓட்டியவன். ரயில்வே கேட் தாண்டி லாரியில் மோதிச் செத்தான். புருஷன் வீட்டார் இவளை வைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். எங்கள் பக்கத்து அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. புருஷனை இழந்தவளுக்கு முன்னுரிமை உண்டு என்றார்கள். முன்னுரிமை இருந்தாலும் மேலே ஒரு வாய்ச்சொல் போக வேண்டும், அது உங்களுக்கே தெரியும்.

ஜெபக்குமார் பார்த்திபனிடம் போய் நின்றார். பார்த்திபன் தோளில் கை போட்டு, "உன் பொண்ணு எம் பொண்ணுப்பா. மத்தவங்ககிட்ட கேக்கறத உங்கிட்ட கேக்க மாட்டேன். நீ கொடி புடிச்சவன்," என்றார்.

நேர்காணல் நடந்தது. கவியா போய்விட்டு வந்தாள். "அடுத்த வாரம் ஆர்டர் கையில கீதுன்னு நெனச்சிக்கோ," என்று பார்த்திபன் சொன்னார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வேலைக்கு வீட்டுப் பக்கத்திலேயே நடந்து போகலாம். குழந்தையை அங்கேயே தூக்கிக்கொண்டு போகலாம். கவியா இரண்டு காட்டன் புடவையை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் உலகநாதன் இறந்தார்.

விடிந்ததும் செய்தி வந்துவிட்டது. எங்கள் காலனிப் பெண்கள் நாலைந்து பேர் கிளம்பினோம். நாங்கள் அவர் கழனியில் நாற்று நட்டவர்கள், போகாமல் இருக்க முடியாது. போகிற வழியில் ரெஜினாவையும் கூப்பிடலாம் என்று அவள் வீட்டுக்குள் போனேன். மூன்று பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். துணிப் பெட்டி மேல் மஞ்சள் பை இருந்தது.

உலகநாதனின் மகன் ஆனந்தன் போன் செய்திருக்கிறான். "அப்பா கடைசி வரைக்கும் அதையே கேட்டுக்கினு இருந்தாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா, கொடி போட்டு அனுப்புங்கடான்னாரு. நீ எடுத்தாந்துடு," என்றிருக்கிறான்.

அதே போனில் கட்சிக்காரன் ஒருவனும் கூப்பிட்டிருக்கிறான். பார்த்திபன் சொன்னதாக அவன் சொன்னது இவ்வளவுதான்: "யாரையும் போவாதன்னு நான் சொல்ல மாட்டேன். யார் யார் போறாங்கன்னு பாப்பேன்."

கவியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நைனா, ஒரு வாரம். ஒரே வாரம் காய்ச்சல் வந்தவனாட்டம் படுத்துக்கோ. அப்பறம் நீ எந்தப் பொணத்துக்கு வேணா போ," என்றாள்.

"மோட்டார் வேல அவரு குடுத்தது. நீ படிச்ச பீஸு அவரு கட்டனது," என்றார் ஜெபக்குமார்.

"கட்டனாரு. இல்லேங்கல. அவரு போய்ட்டாரு. நான் இருக்கறேன் நைனா."

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "பெரிம்மா, நீயாவது சொல்லேன் இந்த மனுசனுக்கு."

நான் என்ன சொல்வது? இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது.

ஜெபக்குமார் எழுந்து பையை எடுத்தார். "நான் போத்தப் போறனா? ஊர்த்தெரு சாவுல எப்ப நான் போத்தனேன்? கேட்ல குடுத்துட்டு வந்துடறேன். யார் வாங்கிப் போத்தறாங்களோ அவங்க பாடு. பார்த்திபன் கேட்டா, கொடி கேட்டாங்க குடுத்தேன்னுவேன். எப்பவும் அதானே."

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். இத்தனை வருஷம் கேட்டில் நின்றவருக்கு, அந்தக் கேட்டே தன்னைக் காப்பாற்றும் என்று தோன்றியிருக்கிறது.

நாங்கள் போனபோது உலகநாதன் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். நாற்காலிகள் பெரும்பாலும் காலி. தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் மட்டும் வெள்ளை வேட்டிகள் நின்றன. அத்தனை பேரும் ஒரு காலத்தில் இந்த வாசலில் காத்துக் கிடந்தவர்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்ப்பார்கள், யாராவது திரும்பிப் பார்த்தால் டீயைக் குடிப்பார்கள். ரோட்டைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.

நாங்கள் பெண்கள் முற்றத்தில் ஓரமாக நின்று அழுதோம். அங்கிருந்து பார்த்தால் கூடத்தில் ஐஸ் பெட்டி தெரிந்தது. ஜெபக்குமார் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையிலும் கொடியை ஏந்திக்கொண்டு நின்றார். யாராவது வந்து வாங்குவார்கள் என்று நின்றார். யாரும் வரவில்லை. ஆனந்தன் கூடத்துத் தூணில் சாய்ந்திருந்தான். இவரைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். டீக்கடைப் பக்கம் ஜெபக்குமார் திரும்பினார்.

"யாராவது வந்து வாங்கிக்கறீங்களா?" என்று கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. "நல்ல நேரத்துல வந்து மாட்டிக்கினாம்பா," என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது. ஒருவன் சிரித்தான்.

வெயிலில் அப்படியே நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

உள்ளேயிருந்து உலகநாதனின் சம்சாரம், வேண்டா என்று பேர், எழுந்து வாசற்படிக்கு வந்தாள். தலைவிரிகோலம். "ஜெபா, இன்னாத்துக்கு அங்கியே நிக்கிற? உள்ள வா," என்றாள்.

அந்த வீட்டுக்குள் வா என்று எங்கள் ஆள் ஒருவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊர்த்தெருப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெபக்குமார் கேட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, எங்களைத் தாண்டி உள்ளே போனார். யாரையும் பார்க்கவில்லை.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் திறந்தார்கள். அவர் கொடியை உதறி, கழுத்துக்குக் கீழேயிருந்து கால் வரைக்கும் விரித்தார். ஒரு பக்கம் கால் இல்லையே, அந்த இடத்தில் துணி தட்டையாக அமுங்கியது. ஜெபக்குமார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி, கொடிக்கு அடியில் கால் இல்லாத இடத்தில் வைத்து, மேலே துணியை நீவிவிட்டார். இரண்டு காலும் இருக்கிறவர் மாதிரி ஆகிவிட்டார் உலகநாதன். வேண்டா அதைப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

போர்த்தினால் வீரவணக்கம் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஜெபக்குமார் சொன்னார். கூடத்தில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மறுபடி சொன்னார். வேண்டா மட்டும் அழுகையோடு திருப்பிச் சொன்னாள். மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை.

ஜன்னல் பக்கத்தில் யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அது எனக்குத் தெரிந்தது. அதன் அர்த்தம் அப்போது தெரியவில்லை.

சுடுகாடு வரைக்கும் போய், கொடியை எடுத்துக்கொண்டு ஜெபக்குமார் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் படம் எல்லார் போனிலும் இருந்தது. நீக்கப்பட்டவர் மேல் கட்சிக் கொடி. பக்கத்தில் கட்சியின் கிளைச் செயலாளர். அதைப் போட்டவர்கள் இரண்டு விதமாகத் திட்டியிருந்தார்கள். கட்சிக்காரர்கள் துரோகி என்றார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலர் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஆர்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அங்கன்வாடியில் வேறொரு பெண் வந்து சேர்ந்துவிட்டாள். பார்த்திபனின் சித்தப்பா வழியில் ஏதோ உறவு. கவியா அங்கன்வாடி வழியாகப் போனபோது அந்தப் பெண் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். கஞ்சி போட்டு வைத்த புடவைகளை நனைத்து, கஞ்சி போக அலசி, கொடியில் போட்டாள்.

ஜெபக்குமார் பார்த்திபனைப் பார்க்கப் போனார். கூட என் வீட்டுக்காரரும் போனார். அவர் வந்து சொன்னதுதான் இது.

பார்த்திபன் திட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "உம் மேல எனக்கு இன்னா கோவம் ஜெபா? மாவட்டம் கேக்குது. உங்க ஆளே உங்க பேச்சக் கேக்கலியேன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?" என்றார்.

"ஆனந்தன் தம்பி போன் பண்ணிச்சிண்ணே. கேட்டுல குடுத்துட்டு வரத்தான் போனேன். வாங்கிக்க ஆள் இல்ல."

"ஆனந்தன் கூப்பிட்டானா? அப்ப சரி. அதையே ஆனந்தன் வாயால வந்து சொல்லட்டும். கூப்பிட்ட எடத்துக்குப் போனான், சாவு வூடுன்னு போனான்னு நான் மாவட்டத்துல பேசறேன். பொண்ணுக்கு அடுத்த எடம் காலியாவும்போது பாத்துக்கலாம்."

ஜெபக்குமார் டீயைக்கூட முடிக்காமல் அங்கிருந்து நேராக உலகநாதன் வீட்டுக்குப் போனார். முகம் தெளிந்துவிட்டிருந்ததாம். ஒரு வார்த்தைதானே, அதுவும் உண்மையான வார்த்தை.

இந்த முறை கேட்டுக்கு வெளியேதான் நின்றார். ஆனந்தன் வெளியே வந்தான். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பார்த்திபன் படம் போட்ட அட்டை. அவன் முந்தின நாளே பார்த்திபனுக்குச் சால்வை போட்டுவிட்டு வந்தது இவருக்குத் தெரியாது. அப்பாவுக்கு இருந்த மனைத்தொழில், மண் லாரி, வழக்கு எல்லாவற்றுக்கும் கட்சி வேண்டும். அவனுக்கு வேறு வழியும் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு.

"தம்பி, நீ கூப்பிட்டதாலதான் நான் வந்தேன்னு அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு," என்றார் ஜெபக்குமார்.

"நான் எப்ப கூப்ட்டேன்?" என்றான் ஆனந்தன்.

"இன்னா தம்பி இப்டி சொல்ற? காலையில போன் பண்ணி..."

"அப்பா செத்த அன்னிக்கு எத்தினியோ பேருக்குப் போன் பண்ணேன். சாவுக்குச் சொன்னேன். கொடி எடுத்தாந்து போத்துன்னு சொன்னனா? நீயா வந்த, நீயா உள்ள பூந்த. எங்க பங்காளிங்க அதுக்கே இன்னும் என்னைக் கேட்டுக்கினு கீறாங்க."

வேண்டா உள்ளே சேரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெபக்குமார் கேட்டுக்கு மேலே எட்டி, "அண்ணி, நீங்கதானே உள்ள கூப்ட்டீங்க," என்றார்.

வேண்டா தலை நிமிரவில்லை. "உள்ள வான்னு கூப்ட்டது நான்தாம்பா. இல்லேங்கல. கொடி எடுத்தாரச் சொன்னது யாருன்னு எனக்கு எப்டித் தெரியும்? புள்ள சொல்றான்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உன் துண்டு சுடுகாட்டோட போயிடுச்சி. வேணும்னா ஒண்ணு தரேன், எடுத்துக்கினு போ," என்றாள்.

அவர் துண்டு வாங்கவில்லை. வந்துவிட்டார்.

அந்த மாதமே கட்சியின் கட்டுப்பாட்டை மீறியதற்காக அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் அவரை நீக்குவதாகக் கட்சிப் பத்திரிகையில் வந்தது. உலகநாதனை நீக்கியபோது பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இவருக்குப் பொடி எழுத்தில் ஒரு மூலை. என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுத் தேடித்தான் கண்டுபிடித்தார். தண்ணீர்த் தொட்டிச் சாவியைப் பஞ்சாயத்தில் திருப்பிக் கேட்டார்கள். கொடியை வாங்கிப்போக ஜான்சன் வந்தான். எங்கள் காலனிப் பையன்தான், புதுக் கிளைச் செயலாளர்.

"தப்பா நெனச்சிக்காத மாமா. என்னை அனுப்பிட்டாங்க," என்றான்.

"இதுல இன்னாடா தப்பு," என்று ஜெபக்குமார் மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தார். கொடி துவைத்து இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. "சாயம் போவும். வெள்ள வேட்டி கட்டியிருந்தா அடியில ஒரு துணி போட்டுட்டுப் போத்து," என்று மட்டும் சொன்னார்.

ஜான்சன் போனதும் ரெஜினா முந்தானையால் பெட்டியின் மேல் பகுதியைத் துடைத்தாள். பை இருந்த இடத்தில் தூசு படியாமல் ஒரு சதுரம் இருந்தது. "இத்தினி வருசம் மத்தவன் சாவத் துவைச்சோம். கடைசியில எங்க சோத்துல வந்து வுழுந்துச்சி," என்றாள். அதற்கு முன்னால் அவள் புருஷனை எத்தனையோ வார்த்தை பேசியிருக்கிறாள். அதெல்லாம் சிரித்துக்கொண்டு பேசியது.

கவியா அப்பாவோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், நைனா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். விடியுமுன் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. குழந்தை ரெஜினாவிடம். அந்தக் குழந்தை இப்போது ரெஜினாவைத்தான் அம்மா என்கிறது. கவியாவை, "கவியா வந்துட்டா," என்கிறது. முதலில் நாங்கள் சிரித்தோம்.

உலகநாதனுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. புதுப்பட்டினத்திலிருந்து ஊர்த்தெரு வரைக்கும் பேனர் வைத்திருந்தார்கள். கட்சியின் தூண், எங்கள் அண்ணன் என்று எழுதி, நடுவில் உலகநாதன் கைகூப்பி நிற்கிற படம். இரண்டு காலும் உள்ள காலத்துப் படம். ஒரு பக்கம் பார்த்திபன், ஒரு பக்கம் ஆனந்தன். ஆனந்தனுக்கு இளைஞரணியில் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். இறந்தவரை நீக்கினது எப்போது ரத்தானது என்று யாரும் சொல்லவில்லை. அவர் போட்டோவுக்குப் பார்த்திபனே மாலை போட்டார். டீக்கடையில் நின்ற அதே வெள்ளை வேட்டிகள் வரிசையாக வந்து பூப் போட்டார்கள். வாசலில் எல்லாருக்கும் பிரியாணி.

ஜெபக்குமாரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவர் போனார். கூட்டத்துக்குப் போகவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அந்த டீக்கடையில் போய் நின்றார். நானும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தோம்.

"இன்னா மாப்ள, இங்க நிக்கிற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சும்மா. எல்லாரும் அன்னிக்கு இங்கதானே நின்னாங்க மாமா. இங்கேர்ந்து பாத்தா இன்னா தெரியுதுன்னு பாக்கறேன்," என்றார்.

"இன்னா தெரியுது?"

"கூடம் வரைக்கும் நல்லாவே தெரியுது."

டீக்குச் சில்லறை கொடுத்துவிட்டு நடந்தார். எங்கள் பஸ்ஸும் வந்துவிட்டது.

அதற்கப்புறம் எங்கள் காலனியில் இரண்டு சாவு விழுந்தது. ஜான்சன் கொடியோடு வந்தான். ஜெபக்குமார் மற்றவர்களோடு தெருமுனையில் நின்றார், கல்லறை வரைக்கும் வந்தார், ஒரு பிடி மண் போட்டார். கொடிப் பக்கம் போகவில்லை. இரண்டாவது சாவில் ஜான்சன் அடியில் துணி போட மறந்துவிட்டான். செத்தவர் வேட்டியெல்லாம் சாயம். ஜெபக்குமார் அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார்.

கவியா இன்னும் கேளம்பாக்கத்தில்தான் மாடிப்படி கூட்டித் துடைக்கிறாள். ஜெபக்குமார் இப்போது மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், யாரோ வாங்கிப் போட்டிருக்கிற வெறும் மனைக்கு வாட்ச்மேன். அங்கே இன்னும் கட்டடம் எழும்பவில்லை. சவுக்கு வேலியும் இரும்புக் கேட்டும்தான் இருக்கின்றன. கேட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்.